சட்டியில் ஊறிய சாட்சியம்

பொருநைக் கரையின் தொல்லியலைப் பற்றி எவர் பேச வந்தாலும், முதலில் ஓர் ஆண்டுக்கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். கொற்கையில் 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியெடுத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155, இது 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையிலேயே அறிவிக்கப்பட்டது. அதே சிவகளையின் இரும்புக்குக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லும் கணிப்புகள். இவை 2025 சனவரியில் அரசு வெளியிட்ட நூலில் வந்தன. கீழடி அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதை எழுதியவருக்கே திருப்பியனுப்பியபோது மூண்ட பூசலிலும் நடுநாயகமாக நின்றது காலக்கணிப்புதான்.

ஆண்டு வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. காலம் தெரியாத சான்று கையெழுத்தில்லாத பத்திரம் போன்றது. ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் அந்த வீடு கட்டிய வருடத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு எழுந்து வருபவனை என்னவென்று சொல்வது? அடுப்பில் என்ன வெந்தது, யாருக்கு எது பரிமாறப்பட்டது, எது ஆற்றோடு வந்தது, எது கடலிலிருந்து ஏறியது என்ற கேள்விகள் அந்தக் கரையில் இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. விடை கிடைக்காத கேள்விகள் என்றால் விட்டுவிடலாம். விடை பானை ஓட்டுக்குள்ளேயே கொழுப்பாக ஊறிக்கிடக்கும்போது கேளாதிருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அறிவியலில் இல்லை, நம் மனத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

*

ஆய்வகம் சொல்வதற்கு முன்பே இக்கரையின் சமையற்கட்டு அறிந்து வைத்திருந்த உண்மை ஒன்று உண்டு. மண்சட்டி புழங்கிய வீடுகளில் மீன் குழம்புக்கு ஒரு சட்டி, பால் காய்ச்ச வேறொரு சட்டி. மீன் சட்டியை எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அதில் பால் காய்ச்ச மாட்டார்கள். புதுச்சட்டி வாங்கி வந்தால் கஞ்சித் தண்ணீர் ஊற்றிவைத்து, எண்ணெய் தடவி, அனலில் காட்டிப் பழக்கிய பின்பே உலையேற்றுவார்கள். மண் உறிஞ்சும், உறிஞ்சியதை எளிதில் விடாது என்பது அந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும்.

வேதியியல் இதற்கு மேல் சொல்வது கொஞ்சம்தான். மெருகு பூசாத சுடுமண்ணில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் நிறைய. உலை கொதிக்கும்போது மேலெழும்பும் கொழுப்பு அத்துளைகளுக்குள் இறங்குகிறது. உப்பு, புளி, சர்க்கரை ஆகியவை நீரில் கரைபவை. மண்ணுக்குள் புதைந்த சில மழைக்காலங்களிலேயே அவை கழுவப்பட்டுப் போய்விடும். கொழுப்பு நீரில் கரையாது. நுண்ணுயிர்கள் எளிதில் நுழைய முடியாத நுண்துளைக்குள் அடைபட்டிருப்பதால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்குகிறது. சிதைந்தாலும் கொழுப்பமிலங்களாக எஞ்சி நிற்கிறது.

ஆய்வு முறையும் விளங்காத மந்திரமன்று. ஓட்டின் உட்புற மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதற்குள்ளிருந்து ஒன்றிரண்டு கிராம் தூள் எடுக்கிறார்கள். கரைப்பான் ஊற்றிக் கொழுப்பைப் பிரிக்கிறார்கள். வாயு நிறப்பிரிகைக் கருவி அதன் கூறுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி வெளியே அனுப்ப, நிறைமாலைமானி இன்னதென்று அடையாளம் சொல்கிறது. ஒரு கிராம் ஓட்டில் ஐந்து மைக்ரோகிராமாவது கொழுப்பு இருந்தால்தான் பேசத் தகும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு.

எல்லாக் கொழுப்பிலும் பால்மிடிக், ஸ்டியரிக் என்ற இரண்டு அமிலங்கள் உண்டு. இவற்றில் உள்ள கனமான கார்பனின் விகிதம் விலங்குக்கு விலங்கு வேறுபடும். பசுவின் உடற்கொழுப்பும் பசுவின் பாலும்கூட இதில் ஒன்றுபோல் இரா. பால்மடியால் ஸ்டியரிக் அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது; தீவனத்தின் வழி வருவதை அது எடுத்துக்கொள்கிறது. உடலோ தானே ஆக்கிக்கொள்கிறது. அதனால் பாலின் ஸ்டியரிக் அமிலத்தில் கனமான கார்பன் சற்றுக் குறைவு. இச்சிறு வேறுபாட்டை வைத்துத்தான் ஒரு பானையில் கறி வெந்ததா, பால் காய்ந்ததா என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

*

இம்முறை பிற நாடுகளில் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் 2008இல் அண்மைக் கிழக்கிலும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் கிடைத்த 2200க்கும் மேற்பட்ட பானைகளை ஆராய்ந்து, கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே மனிதர் பால் புழங்கியதைக் காட்டினார்கள். போலந்தில் கிடைத்த துளையிட்ட மண்கலங்கள் பாற்கட்டி வடிக்கும் சல்லடைகளாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் 1980களில் ஊகித்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் அவ்வோடுகளில் பாற்கொழுப்பு கண்டறியப்பட்டு ஊகம் உறுதியானது. சப்பானின் மிகப் பழைய பானைகள் மீன் சமைக்கவே பெரிதும் பயன்பட்டன என்பது 2013இல் 101 பானைகளின் கரிப்படிவுகளிலிருந்து வெளிப்பட்டது. நைசீரியாவின் நோக் பண்பாட்டுப் பானை ஓடுகள் 458இல் மூன்றில் ஒரு பங்கு தேன்மெழுகின் தடயத்தைக் காட்டின. 2021இல் வந்த இம்முடிவு 3500 ஆண்டுகளுக்கு முற்பட்ட தேன் சேகரிப்பைப் பேசுகிறது. எழுத்தில்லாத ஒரு பண்பாட்டின் உணவை அந்தப் பண்பாடே சொல்லிக் கேட்பதற்கு ஒப்பானது இது.

இந்தியாவுக்கும் இம்முறை வந்துவிட்டது. கச்சுப் பகுதியில் உள்ள கோட்டடா பாட்லி என்னும் சிந்துவெளிச் சிற்றூரின் 59 ஓடுகளில் 21இல் பாற்கொழுப்பு இருந்ததாகக் கல்யாண் சேகர் சக்ரவர்த்தி குழுவினர் 2020இல் வெளியிட்டனர். காலம் ஏறத்தாழ கி.மு. 2500. அதே ஆண்டு டிசம்பரில், ராக்கிகடி உள்ளிட்ட வடமேற்கிந்திய ஊர்களின் 172 பானைகளை ஆராய்ந்த அக்ஷயதா சூரியநாராயண் குழுவினரின் முடிவு வந்தது. அப்பானைகளில் விலங்குக் கொழுப்பே மிகுதி. பன்றி போன்ற அசைபோடாத விலங்கின் சாயல், மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் சாயல், பாலின் சாயல் ஆகியவை காணப்பட்டன.

இவ்விரண்டுக்கும் முன்னதாக அதே 2020இன் பிப்ரவரியில் தில்லியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கலாம். தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளி உணவு என்ற பெயரில் ஒரு வார விருந்து ஏற்பாடாயிற்று. முதலில் போட்ட பட்டியலில் மீனும் இறைச்சியும் இருந்தன. விருந்து நடந்தபோது அவை இல்லை. தெய்வத் திருமேனிகளும் புத்தரின் எச்சங்களும் உள்ள இடம் என்பது சொல்லப்பட்ட காரணம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் இலையிலிருந்து கறியை எடுத்துவிடும் அதிகாரம் இன்று ஓர் அலுவலகத்துக்கு இருக்கிறது! பத்து மாதம் கழித்துப் பானையே வாய் திறந்தது. அந்தப் பானைக்குச் சுற்றறிக்கை அனுப்ப முடியாது.

*

தில்லியை இடித்துரைப்பது தமிழ்நாட்டில் எளிது, கைத்தட்டும் கிடைக்கும். ஆகவே இனி நம் ஊருக்கு வருவோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரும் சாலையை ஒட்டியே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு கிடக்கிறது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதலில் தோண்டினார். கண்டதை எடுத்துக்கொண்டு போனார். பின்னர் அலெக்சாண்டர் ரீ பல பருவங்கள் தோண்டி, 1915இல் பொருட்பட்டியலை அச்சிட்டார். நெற்றிப்பட்டங்கள், வெண்கல விலங்குருக்கள், இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு பானைகளுக்குள் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை அவர் குறித்திருக்கிறார். 2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி அகழாய்வு நடந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அதன் முழு அறிக்கைக்குத் தமிழுலகம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. நீதிமன்றப் படியும் ஏறவேண்டியிருந்தது.

இதற்கிடையில் நடந்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. பொன் தகடுகளுள் சிலவற்றை வாய்ப்பூட்டு என்று கொண்டு, வெண்கலச் சேவலையும் இரும்புச் சூலத்தையும் அதனோடு சேர்த்து, இது முருக வழிபாட்டின் தொல்வடிவம் என்று ஆய்வாளர் சிலர் எழுதினர். அந்த முடிவை வாங்கிய இலக்கியத் துறையினர், சங்கப் பாடல்களில் வரும் வேலனுக்கும் வெறியாட்டுக்கும் அகழாய்வே சான்று தந்துவிட்டது என்று எழுதினர். அதைப் படித்த அடுத்த தலைமுறைத் தொல்லியலார், இலக்கியம் உறுதிப்படுத்துவதால் இது முருக வழிபாடே என்றனர். தாழிக்கும் இதே கதைதான். புறநானூற்றில் தாழி வருகிறது, ஆகவே இது சங்ககாலத் தாழி. சங்ககாலத் தாழி கிடைத்துவிட்டது, ஆகவே புறநானூறு இவ்வளவு பழையது. இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நடக்கும்போது இருவருமே நிமிர்ந்து நடப்பதாகத்தான் தெரியும். ஒருவரை விலக்கிப் பார்த்தால்தான் மற்றவரின் நிலை புரியும்.

முடிவு தவறாகத்தான் இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. திருச்செந்தூரில் அலகு குத்தி வருபவனுக்கும் அத்தாழிக்குள் கிடந்தவனுக்கும் தொடர்பு இருக்கலாம். இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்ட இரண்டு சாட்சிகளை எந்த வழக்கு மன்றமும் இரண்டு சாட்சிகளாகக் கொள்ளாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். அவன் பாட்டையும் படித்திருக்கக்கூடாது, அறிக்கையையும் படித்திருக்கக்கூடாது. பானைத் துளைக்குள் கிடக்கும் கொழுப்பு அப்படிப்பட்ட சாட்சி.

*

சங்க இலக்கியம் படித்தவர்க்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். ஆற்றுப்படை நூல்களை எடுத்துக்கொள்வோம். கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இரவும் பகலும் ஊன் தின்றே பல் தேய்ந்து மழுங்கியதாகச் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தில் பாணனுக்குக் கள்ளோடு சுட்ட உலர்மீன் கிடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ நிலத்துக்கு நிலம் இலை மாறுகிறது. அந்தணர் மனையில் மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்துத் தருகிறார்கள். இவற்றை வகுப்பில் நடத்தும்போது பண்டைத் தமிழர் உணவு என்று பொதுத் தலைப்புப் போட்டுவிடுகிறோம். இரவலன் புரவலனைப் புகழ்ந்து பாடிய பாட்டு இது. புகழ்ச்சியில் எவ்வளவு, அன்றாடத்தில் எவ்வளவு? பாணனுக்கு ஒருநாள் கிடைத்தது கருவிப்படையோடு வயலில் நின்றவனுக்கு என்றேனும் கிடைத்ததா? பாட்டுக்குள்ளிருந்தே இதற்கு விடை தேட முடியாது.

பொருநைக் கரையில் இக்கேள்விகளைச் சோதிக்கத் தோதான அமைப்பு உண்டு. கொற்கை அன்று கடல் துறை. இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் அதனினும் உள்நாட்டில் இருப்பவை. கடல்மீன் எண்ணெயைச் சூடான சட்டியில் நெடுநேரம் காய்ச்சும்போது சில தனித்த அமிலங்கள் உருவாகின்றன. அவை சிவகளை வாழ்விடத்துச் சட்டியில் கிடைத்தால், கருவாடோ மீனோ கொற்கைக் கரையிலிருந்து மேலேறிச் சென்றிருக்கிறது என்று பொருள். நெல்லுக்கு உப்பை மாற்றும் உமணரையும், மீன் விற்கும் பரதவ மகளிரையும் பாடல்களில் காண்கிறோம். நெய்தலுக்கும் மருதத்துக்கும் இடையே நடந்த அந்தக் கொள்வினை கொடுப்பினை எத்துணைப் பழமையானது என்பதற்கு அப்போது பாட்டைச் சாராத ஒரு சான்று இருக்கும். மீன்முள் மண்ணில் மக்கிப்போன இடத்திலும் மீனெண்ணெய் ஓட்டுக்குள் தங்கியிருக்கக் கூடும் என்பதையும் கருதவேண்டும்.

இன்னும் சொல்லலாம். தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் மிகுதி. ஆமணக்கெண்ணெயில் ரிசினோலிக் அமிலம். குழம்புக்கு எது, அகலுக்கு எது என்று தேடிப்பார்க்க இவை துணை செய்யும். பனிவரகு வெந்த பானையில் மிலியாசின் என்ற தனிப்பொருள் எஞ்சும். போலந்திலும் கொரியாவிலும் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சில கலங்கள் ஒன்றும் சொல்லமாட்டா. உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பது போல் அன்றும் யாரேனும் காய்ச்சியிருந்தால், அந்தக் கலம் ஊமையாகவே இருக்கும். சர்க்கரை நீரோடு போய்விடுகிறது. ஊமையாக இருப்பதைக் கள்ளே இல்லை, பனையே இல்லை என்று படித்துவிடக் கூடாது. தாழிக்குள் வைத்த சிறுகலங்களும் அப்படித்தான். பிணத்தோடு வைக்கவென்றே வனைந்த கலம் ஒருநாளும் அடுப்பேறாமல் இருந்திருக்கலாம். ஆகவே ஈமக்காட்டை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் உணவு தெரியாது. வாழ்விடத்துக் கரிபிடித்த சட்டியே நமக்கு வேண்டும்.

*

இனி மறுப்புகள். நண்பர்கள் சொல்லக்கூடியவற்றை நாமே எடுத்துவைத்துப் பார்க்கிறோம்.

முதலாவது, வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் கொழுப்பு நிற்காது என்பது. குளிர்நாட்டைவிடக் குறைவாகவே நிற்கும், உண்மை. ஆனால் நைசீரியாவில் நின்றிருக்கிறது, கச்சில் நின்றிருக்கிறது, அரியானாவில் நின்றிருக்கிறது. நம் மண்ணில் நிற்குமா என்பது ஓட்டைத் தூளாக்கிப் பார்த்த பின் சொல்லவேண்டிய சொல்.

இரண்டாவது, இது வெளிநாட்டு அளவுகோல் என்பது. இதில் நியாயம் உண்டு. ஐரோப்பிய மாடு தின்ற புல்லும் நம் மாடு தின்ற சோளத்தட்டையும் கார்பன் விகிதத்தில் வேறு வேறு. அவர்கள் வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே இங்கே இழுத்தால் விடை கோணும். இதற்கு மருந்து ஆய்வைத் தள்ளிவைப்பதன்று. நம் நாட்டு மாடு, வெள்ளாடு, செம்மறி, பன்றி, கடல்மீன், ஆற்றுமீன் ஆகியவற்றின் கொழுப்பை அளந்து நமக்கென ஓர் ஒப்பீட்டு அட்டவணை உண்டாக்கவேண்டும். நம் கால்நடைக் கல்லூரிகளும் மீன்வளக் கல்லூரியும் எதற்கு இருக்கின்றன? தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சிவகளை நெல்லை அமெரிக்காவின் மயாமிக்கு அனுப்பிக் காலம் கணித்து வாங்கிய நாட்டுக்கு ஒரு கிராம் ஓட்டுத்தூளை அனுப்புவது மானக்கேடாகாது. ஆனால் என்றைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பது மானக்கேடுதான்.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுவே வலியது. விடை எப்படி இருக்குமோ என்ற அச்சம். மாட்டுக்கறி என்று வந்துவிட்டால்? பன்றி என்று வந்துவிட்டால்? அந்த அச்சக்காரர்களுக்கும், அப்படி வரட்டும் என்று ஆவலோடு காத்திருக்கும் மறுதரப்புக்கும் ஒன்று சொல்லவேண்டும். இம்முறை பசுவையும் எருமையையும் ஆட்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் காட்டாது. அசைபோடும் விலங்கின் கொழுப்பு என்றுதான் சொல்லும். சிந்துவெளி ஆய்விலும் பன்றியின் சாயல் மிகுந்திருக்க, எலும்புகளில் பன்றி மிகக் குறைவாகவே இருந்தது. ஒரே பானையில் பலதும் வெந்து கலந்ததால் இப்படித் தோன்றக்கூடும் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். செய்தித்தாள் தலைப்பு அந்த எச்சரிக்கையை எங்கே படித்தது? பானையை எலும்போடும் தானியத்தோடும் சேர்த்து விசாரிக்க வேண்டும். இருதரப்பாரும் மேடையில் ஏறுவதற்கு அது போதிய தீனி தராது.

எனினும் இந்த அச்சத்துக்குள் ஒரு சாதிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. நாம் பெருவாரியான மக்களின் உணவுக்கு வைத்திருக்கும் பெயர் 'அசைவம்'. சைவம் அல்லாதது என்பது அதன் பொருள். பலர் உண்ணுவதைச் சிலர் உண்ணாததை வைத்துப் பெயரிட்டிருக்கிறோம். ஊன், புலவு, மீன், கறி என்று நேர்ப்பெயர்கள் நிறைந்த மொழி இது. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது என்பதே, ஊரில் புலால் உண்டவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்று. திருச்செந்தூரை அடுத்த கடற்கரை ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நெய்தல் திணை நடத்துகிறோம். இரங்கலும் இரங்கல் நிமித்தமும், புன்னையும் கழியும், தலைவியின் கண்ணீர் என்று எல்லாம் சொல்கிறோம். அந்தத் தலைவியின் வீட்டு முற்றத்தில் மீன் காய்ந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் ஓர் அடைமொழியாகத் தாண்டிப் போகிறோம். தன் வீட்டுக் கவிச்சையை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு, அந்த வாடை ஒரு வரலாற்றுச் சான்று என்று சொல்லித்தரும் நாள் வரவேண்டாமா?

அதற்காக முடிவை முன்னரே எழுதிக்கொண்டு ஓட்டை அனுப்பச் சொல்லவில்லை. நாளை சிவகளைச் சட்டிகள் அனைத்திலும் பாலும் நெய்யுமே இருந்தன, மீனின் சாயலே இல்லை என்று வந்தாலும் வரட்டும். வந்தால் அதையும் அதே எழுத்தளவில் அச்சிடவேண்டும். நமக்கு வேண்டிய விடை வந்தால் அறிவியல், வேண்டாதது வந்தால் சதி என்று சொல்லும் வழக்கம் தில்லிக்கு மட்டும் உரியதன்று.

*

நடைமுறையில் கேட்கவேண்டியவை மிகவும் எளியவை. அகழாய்வுக் குழியிலிருந்து வரும் ஓடுகளைக் கூடையோடு தண்ணீரில் அமிழ்த்தித் தூரிகையால் தேய்த்து வெயிலில் பரப்புவது காலங்காலமாக நடந்துவரும் முறை. வண்ணத்தையும் கீறலையும் படிக்க அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும் சில ஓடுகளையேனும், குறிப்பாகக் கொழுப்பு மிகுந்து தங்கும் விளிம்பும் கழுத்துமான துண்டுகளை, கழுவாமல் எடுத்துவைக்க வேண்டும். வெறுங்கை படக்கூடாது, நம் தோலின் எண்ணெயே ஸ்குவாலின் என்ற பெயரில் கருவியில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது. பையின் நெகிழ்வூட்டி வேதிப்பொருள் ஓட்டில் ஏறிவிடும். அலுமினியத் தாளில் சுற்றவேண்டும். அருகிலிருந்த மண்ணையும் ஒரு பிடி சேர்த்து வைக்கவேண்டும். மண்ணிலிருந்து வந்தது எது, சமையலிலிருந்து வந்தது எது என்று பிரிக்க அது வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு திறப்புவிழாவின் பந்தல் செலவில் அடங்கிவிடும். ஆய்வுக்கு இன்று பணமில்லை என்றால் நாளை செய்யலாம். இன்று கழுவிவிட்டதை நாளை கழுவாமலாக்க எவராலும் முடியாது.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் வேலை உண்டு. தாழி, குழிசி, மிடா, தடா, தசும்பு, கலம் என்று பழம்பாடல்கள் பெயர் சொல்லும் கலங்கள் பல. எந்தக் கலத்தில் எது ஆக்கப்பட்டது, எந்தத் திணையில், யார் வீட்டில், அன்றாடமா விருந்தா என்று பாடல்வாரியாக ஓர் அட்டவணை போடவேண்டும். முக்கியமானது, ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே அதை அச்சிட்டுவிடவேண்டும். முடிவு வந்தபின் தேடிப்பிடித்து ஒட்டவைக்கும் பாட்டுக்குச் சாட்சி மதிப்பு கிடையாது. முன்னரே சொல்லிப் பொருந்தினால் பாட்டின் பெருமை கூடும். பொருந்தாவிட்டால், எங்கே பாட்டு, எங்கே நடப்பு என்று நமக்குத் தெளியும். இலக்கிய மாணவனுக்கு இரண்டாவதே பெரிய பேறு என்று நாம் கருதுகிறோம். பாட்டு எவ்விடத்தில் நடப்பை விட்டு எழும்புகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அது ஏன் பாட்டு என்பது தெரியும்.

ஆதிச்சநல்லூரில் 2023இல் குழியின் மேல் கண்ணாடி பாவி, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டும் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பொருநைக்கென நெல்லையில் மாநில அரசு ஓர் அருங்காட்சியகம் எழுப்பியிருக்கிறது. வாசகர்கள் போய்ப் பார்க்கவேண்டும். நாம் மாணவர்களை அழைத்துப்போவோம். அங்கே ஒவ்வொரு சட்டிக்குக் கீழேயும் வகையும் காலமும் எழுதிய அட்டை இருக்கும். இதில் என்ன சமைத்தார்கள் என்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள். வருகைக் குறிப்பேட்டில் அதையே எழுதுங்கள். கழுவாத ஓடுகள் எத்தனை எடுத்துவைத்திருக்கிறீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தோண்டுவது பொதுப்பணம், தோண்டப்படுவது எல்லோருடைய பாட்டன் பாட்டியின் அடுப்படி. அந்த அடுப்பில் என்ன கொதித்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வரும் விடை எதுவாயினும் அதைக் கேட்டுக்கொள்ளும் கடமையும் உண்டு.